விமானியின் கழுத்தில் சிவப்பு நாடா: உடுப்பில் சங்கம் தெரியலாமா?

பொருநைக்கரையாள் (இழையைத் தொடங்கியவர்)

என் அண்ணன் மகன் வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானி. போன வாரம் வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்து இறங்கி, முக்கூடலில் இருக்கும் எங்கள் அம்மாவைப் பார்க்க வந்தான். அவன் பெட்டியிலிருந்த சீருடையை வெயிலில் காயப் போட்டபோது அம்மாவின் கையில் சிவப்பு நாடா ஒன்று அகப்பட்டது. அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிடுகிற நாடா. நிறுவனம் கொடுத்தது நீல நிறம்; இந்தச் சிவப்பு, சங்கம் கொடுத்தது. ஒப்பந்தப் பேச்சுவார்த்தை இரண்டு ஆண்டுகளாக இழுபடுவதால் விமானிகள் நீலத்தைக் கழற்றிவிட்டுச் சிவப்பை மாட்டிக்கொண்டார்களாம். வேறு எதையும் மாற்றவில்லை. எல்லா விமானங்களும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

அம்மா நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். "இதைப் போட்டால் சம்பளம் கூடுமா?" என்று கேட்டார். "அது தெரியாது ஆச்சி. ஆனால் பக்கத்து இருக்கையில் வந்து உட்காருகிறவர் இதைப் போட்டிருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன்" என்றான்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. உடுப்பு நிறுவனத்துடையது. தொப்பி, தோள்பட்டையில் தங்கக் கோடுகள், கழுத்துப்பட்டை (டை) எல்லாம் அவர்கள் தைத்துக் கொடுத்தவை. அதன்மேல் தொழிலாளி தன் அடையாளம் ஒன்றை வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

குற்றாலச்சாரல்

அக்கா, நான் மாறுபடுகிறேன். வேலை நிமித்தம் மாதம் இருமுறையாவது வாகைக்குளத்திலிருந்து சென்னைக்குப் பறக்கிறேன். சிறிய ஏடிஆர் விமானம், படியில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். ஏறும்போது விமானி கண்ணில் பட்டால் மனதுக்குத் தெம்பாக இருக்கும். அந்தத் தெம்பைக் கொடுப்பது அந்த உடுப்புதான். அதில் போராட்டச் சின்னத்தைப் பார்த்தால், இவர் மனம் இன்று வேலையில் இருக்கிறதா, சண்டையில் இருக்கிறதா என்ற எண்ணம் எழும். நம் உயிர் அவர் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பீடி சுற்றுகிறவருக்குச் சங்கம் வேண்டும்; அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மாதம் லட்சங்களில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எதற்குச் சிவப்பு நாடா?

பழைய பஞ்சாலைத் தொழிலாளி

தம்பி, நான் முப்பத்தோரு ஆண்டுகள் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவன். எந்த ஆலை என்பது இங்கே முக்கியமில்லை. கோரிக்கை வைக்கிற நாட்களில் சங்கம் சிறு அட்டை ஒன்றைக் கொடுக்கும். சட்டைப் பையின்மேல் ஊக்கால் குத்திக்கொண்டு உள்ளே போவோம். அதிகாரிகள் அதைப் படித்ததாக எனக்கு நினைவில்லை. அதைப் படித்தவர்கள் நாங்கள்தான். எதிரே வருகிறவர் குத்தியிருக்கிறாரா, நேற்றுவரை தயங்கியவர் இன்று குத்தியிருக்கிறாரா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நடப்போம். ஒருவன் அட்டை குத்தி, பக்கத்து இயந்திரத்துக்காரன் குத்தாமல் இருந்தால் அன்றைய ஷிப்ட் முழுவதும் ஒரு பேச்சும் இருக்காது.

எங்களுக்கு ஓர் ஆலைவாசல் இருந்தது. ஷிப்ட் முடிந்து வாயிற்கூட்டத்தில் நின்றால் எத்தனை பேர் என்று கண்ணாலேயே எண்ணிவிடலாம். விமானிகளுக்கு வாசல் எங்கே இருக்கிறது? இன்றிரவு ஒருவர் தில்லியில் தூங்குவார், இன்னொருவர் சிங்கப்பூரில் தூங்குவார். பணிப்பட்டியலில் யார் பெயர் வருகிறதோ அவரோடு பறக்க வேண்டும். முன்பின் பார்த்திராதவராகக்கூட இருக்கலாம். பொருநைக்கரையாள் அம்மா எழுதிய அந்தப் பையனின் பதிலைப் படித்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. வாசல் இல்லாதவர்கள் வாசலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பயணியை மிரட்டுவதற்காக அவர்கள் அதை அணியவில்லை தம்பி.

ஓடுபாதை

பஞ்சாலை அண்ணாச்சி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன்; இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வரலாற்றையும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

விமானியின் உடுப்பு கப்பலிலிருந்து வந்தது. 1930களில் பான் அமெரிக்கன் நிறுவனம் தண்ணீரில் இறங்கும் பெரிய விமானங்களை இயக்கியபோது, கடற்படை அதிகாரிகளைப் போல நீலக்கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் பொன்கோடுகளும் கொடுத்தது. பயணிக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதுதான் நோக்கம். தலைமை விமானிக்கு நான்கு கோடு, துணை விமானிக்கு மூன்று. அந்தக் கோடுகள் மேலே யார், கீழே யார் என்று சொல்லும். சங்கம் கொடுக்கும் 'பின்' என்ற சிறு சட்டைச் சின்னத்தில் அந்த வேறுபாடு கிடையாது; நான்கு கோட்டுக்காரரும் மூன்று கோட்டுக்காரரும் ஒரே பின்னைத்தான் குத்திக்கொள்கிறார்கள்.

அதே பத்தாண்டின் தொடக்கத்தில், 1931இல், சிகாகோவில் அமெரிக்க விமானிகளின் சங்கம் பிறந்தது. டேவிட் பென்கி முதல் தலைவர். முதலில் சேர்ந்தவர்கள் இரகசியமாகத்தான் சேர்ந்தார்கள். தெரிந்தால் வேலை போய்விடும். பெயரை மறைத்துச் சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள் இன்று அந்தச் சங்கத்தின் பின்னை எல்லோர் கண்ணிலும் படும்படி அணிகிறார்கள். அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள். வேலைநிறுத்தத்தில் கடைசிவரை நின்றவர்களுக்குப் 'போர் நட்சத்திரம்' என்று ஒரு சிறு நட்சத்திரமும் உண்டு. பழைய விமானி ஒருவரின் உடுப்பில் அதைப் பார்த்தால் இளைஞர்கள் எழுந்து கை கொடுப்பார்கள்.

இப்போது சிவப்புக் கதை. 2011 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்து நெடுந்தூர விமானிகள் போராடத் தொடங்கினார்கள். எப்படி என்றால், சிவப்புக் கழுத்துப்பட்டை கட்டினார்கள். பறக்கும்போது பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். 'குவாண்டாஸ் பெயரில் விற்கும் பயணத்தைக் குவாண்டாஸ் விமானிகளே ஓட்ட வேண்டும்' என்பது கோரிக்கை. தரைப்பணியாளர்களும் பொறியாளர்களும் இடையிடையே வேலையை நிறுத்தினார்கள். விமானிகள் ஒரு நாளும் நிறுத்தவில்லை. அக்டோபர் 29 அன்று தலைமை நிர்வாகி ஆலன் ஜாய்ஸ் உலகெங்கும் தன் விமானங்கள் அனைத்தையும் தரையில் நிறுத்திவிட்டு, மூன்று சங்கத்தினருக்கும் கதவடைப்பு அறிவித்தார். விமானிகளுக்கும் சேர்த்துத்தான். 31ஆம் தேதி அதிகாலையில் அந்நாட்டுத் தொழில் தீர்ப்பாயம் தலையிட்டு முடித்து வைத்தது.

குற்றாலச்சாரல் தம்பி, அந்த மூன்று நாட்களில் பயணிகள் விமான நிலையத்தில் கிடந்தார்கள். கிடக்க வைத்தவர்கள் பட்டை கட்டியவர்கள் அல்ல.

குற்றாலச்சாரல்

ஐயா, குவாண்டாஸ் செய்தி எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒற்றுமை, ஒற்றுமை என்கிறீர்களே, ஒன்று கேட்கிறேன். 1981இல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதிபர் ரீகன் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக நீக்கினார். அப்போது இந்த விமானிகள் என்ன செய்தார்கள்? பறந்துகொண்டுதான் இருந்தார்கள். சட்டையில் குத்திய அந்தச் சின்னம் மற்றத் தொழிலாளிக்கு உதவவில்லையே? தன் இனத்துக்கு மட்டும் சிவப்பு என்றால் அதை எப்படி மதிப்பது?

ஓடுபாதை

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. 1981 அந்தச் சங்கத்தின் மீது விழுந்த கறை. நான் அதை மூடிமறைக்க மாட்டேன்.

ஆனால் எட்டு ஆண்டு கழித்து நடந்ததையும் பாருங்கள். 1989 மார்ச் 4 அன்று அமெரிக்காவின் ஈஸ்டர்ன் விமான நிறுவனத்தில் இயந்திரப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நிறுவனம் விமானிகளை நம்பியிருந்தது. விமானிகளில் பெரும்பாலோர் அந்த மறியல் கோட்டைத் தாண்ட மறுத்துவிட்டார்கள். எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்காரருக்காகப் பொன்கோட்டுக்காரர் வெளியே நின்றார். ஐந்தே நாளில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 1991 ஜனவரியில் அடியோடு மூடப்பட்டது. அந்த விமானிகளில் பலருக்குப் பிறகு அந்த உயரத்தில் வேலையே கிடைக்கவில்லை. நான் விமானத்துக்குக் கீழே படுத்து வேலை பார்த்தவன். ஈஸ்டர்ன் விமானிகளை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மேலப்பாளையம் செவிலி

சம்பளத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். 2010 மே 22, மங்களூரு. துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். வளைகுடாவில் உழைத்துவிட்டு வீடு திரும்பிய மக்கள். தலைமை விமானி வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருந்தார் என்பது குரல்பதிவில் தெரிந்தது. தூக்கக் கலக்கம் மாறாத நிலையில்தான் அவர் விமானத்தை இறக்கினார். எங்கள் தெருவிலும் வளைகுடாவுக்குப் போகாத வீடு குறைவு. அன்று தொலைக்காட்சி முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரவுப் பணி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதிகாலை நான்கு மணிக்கு மருந்தின் அளவை இரண்டு முறை படித்தும் மனதில் ஏறாது. விமானிகளின் சங்கங்கள் ஊதியத்துக்கு மட்டும் போராடவில்லை. வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய நம் நாட்டின் புதிய பணிநேர விதிகள் 2025இல் நடைமுறைக்கு வந்ததற்குப் பின்னால், தில்லி உயர் நீதிமன்றத்தில் விமானிகளின் சங்கங்கள் நடத்திய வழக்கு இருக்கிறது. அந்த ஓய்வு பயணிக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் அனுபவத்தையும் சொல்கிறேன். ஒருமுறை நாங்கள் கறுப்பு பேட்ஜ் அணிந்து பணி செய்தோம். வயதான நோயாளி ஒருவர் என் கையைப் பிடித்து, "யாரம்மா இறந்துவிட்டார்கள்?" என்று பயந்து கேட்டார். அவருக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அன்று எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. கோரிக்கை சரியானது, நிறம்தான் தவறு. கறுப்பு நம் ஊரில் துக்கத்தின் நிறம். வானத்தில் பறக்கப் போகிறவரின் கையில் கறுப்புப் பட்டையைப் பார்த்தால் பயணிக்கு அடிவயிறு கலங்காதா? குற்றாலச்சாரல் தம்பி சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. சிவப்பு நாடாவில் அந்தத் துன்பம் இல்லை.

நடத்துநர் மகள்

என் அப்பா பாபநாசம் தடத்தில் நடத்துநராக இருந்தார். காக்கிச் சட்டையில் கோரிக்கை அட்டை குத்தியிருந்தால், டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற அந்த நேரத்திலேயே கேட்பவருக்கு விளக்கிவிடுவார். "ஓய்வு பெற்றவருக்குப் பணப்பயன் வரவில்லை, அதற்காகத்தான்" என்பார். சேரன்மகாதேவி வருவதற்குள் பஸ் முழுவதற்கும் செய்தி தெரிந்துவிடும். அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவருக்கு முன்னால் ஏறியவர்களே சொல்லிவிடுவார்கள்.

விமானிக்கு அது முடியாது. 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானி அறையின் கதவு குண்டு துளைக்காத கதவாகிவிட்டது; பறக்கும்போது பூட்டியே இருக்கும். பயணி அவரைப் பார்ப்பது ஏறும்போதோ இறங்கும்போதோ சில நொடிகள். அந்தச் சில நொடியில் பேச அவருக்கு உடுப்பைத் தவிர வேறு வாய் இல்லை. ஆஸ்திரேலியர்கள் கழுத்துப்பட்டையோடு ஒலிபெருக்கியையும் ஏன் சேர்த்துக்கொண்டார்கள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அட்டை மட்டும் இருந்து கேட்க ஆள் இல்லாவிட்டால் அது பாதி அட்டைதான்.

கொக்கிரகுளம் வழக்கறிஞர்

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று கேட்பவர்களுக்காக.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1945இல் தீர்த்த ரிபப்ளிக் ஏவியேஷன் வழக்கு இந்த இழைக்கு மிக நெருக்கமானது. அது போர்விமானம் கட்டுகிற தொழிற்சாலை. சங்க பேட்ஜ் அணிந்த தொழிலாளர்கள் கழற்ற மறுத்ததால் நீக்கப்பட்டார்கள். பேட்ஜ் அணிவது அவர்களுடைய உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது தேசியத் தொழிலாளர் உறவுகள் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. அந்நாட்டு விமானிகள் 1936 முதல் இரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் இருக்கிறார்கள். மத்தியஸ்தம், பிறகு முப்பது நாள் காத்திருப்பு என்று பல படிகள் தாண்டித்தான் அவர்கள் வேலைநிறுத்தத்தைத் தொட முடியும். அந்தக் காத்திருப்பில் ஆண்டுகள் போகும். அத்தனை காலமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாதவர்கள் பின்னையும் நாடாவையும் நாடுகிறார்கள்.

எதிர்த்திசையில் ஜப்பான். தோக்கியோவின் ஹோட்டல் ஒன்றில் ஊழியர்கள் கோரிக்கை எழுதிய ரிப்பனைச் சீருடையில் குத்திக்கொண்டு வேலை செய்தார்கள். 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை முறையான சங்க நடவடிக்கை அல்ல என்றது. அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. தேநீரைச் சரியாகக் கொண்டு வந்து வைக்கிறவரின் மார்பில் ஒரு ரிப்பன் இருப்பதால் தேநீருக்கு என்ன குறைந்துவிட்டது?

நம் நாட்டில் 2009இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் அமைத்தபோது இருவர் நீக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். இனி அந்த மாதிரி வழிகளும் குறுகிவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து எடுக்கும் தற்செயல் விடுப்பும் வேலைநிறுத்தம்தான். பதினான்கு நாள் முன்னறிவிப்பும் வேண்டும். எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தும். வேலைநிறுத்தத்துக்கான கதவு குறுகக் குறுக, சட்டையில் குத்தும் ஓர் அட்டையின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். சங்கத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய பஞ்சாலைத் தொழிலாளி

வழக்கறிஞர் ஐயாவுக்கு நன்றி. நம் மண்ணின் கணக்கை யாரும் எடுக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். சில நாட்களிலேயே ஆலை இறங்கி வந்து, கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் ஒப்புக்கொண்டது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

என் தாத்தா அடிக்கடி சொல்வது வேறொன்று. வ.உ.சி.யைப் பழித்துப் பேசிய வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, பாதியிலேயே கத்தியை மூடிவிட்டுப் போய்விட்டார். ஊரில் வேறு யாரும் மீதியை மழிக்க முன்வரவில்லை. அந்தச் சவரத் தொழிலாளி ஆலையில் வேலை பார்த்தவர் அல்ல; அவருக்கு ஒரு காசுகூடக் கூலி உயரப் போவதில்லை. பாதி மழித்த அந்த முகம் தெருவில் நடந்தபோது, ஊர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சங்கம் என்பது கண்ணில் பட வேண்டும் தம்பி. முகத்திலோ சட்டையிலோ கழுத்திலோ, எங்காவது பட வேண்டும். கண்ணில் படாத சங்கத்துக்கு நானும் சந்தா கட்டியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் அது கரைந்து போயிற்று.

குற்றாலச்சாரல்

நான் முழுவதும் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒலிபெருக்கியில் பேசுவதை இன்னமும் நான் ஏற்கவில்லை. இருக்கையில் வாருடன் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு எழுந்து போக வழியில்லை. அவரிடம் ஒருதலையாகப் பேசுவது முறையல்ல. நடத்துநரிடம் பயணி திருப்பிக் கேட்கலாம், அங்கே அதற்கும் வழியில்லை.

நாடா, பின், கழுத்துப்பட்டை இவற்றுக்கு இனி நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. அவை எனக்காக அணியப்பட்டவை அல்ல, அவர்களுக்குள் பார்த்துக்கொள்ள அணியப்பட்டவை என்பது பஞ்சாலை அண்ணாச்சி சொல்லித்தான் புரிந்தது. மங்களூருவைப் பற்றிச் செவிலி அக்கா எழுதியதைப் படித்த பிறகு சம்பளக் கேள்வியையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

மேலப்பாளையம் செவிலி

தம்பி, கேட்டதால்தான் இவ்வளவு பேச முடிந்தது. வருகிற புதன்கிழமை எங்களுக்கு மறுபடியும் கோரிக்கை அட்டை நாள். இந்த முறை கறுப்பு வேண்டாம் என்று கூட்டத்தில் சொல்லப் போகிறேன். கை கழுவும்போது இடையூறு இல்லாமல், நோயாளியைத் தூக்கும்போது ஊக்கு குத்திவிடாமல் எதை அணியலாம் என்று யாராவது யோசனை சொல்லுங்கள். நாடா எங்களுக்கு ஒத்துவராது. குனிந்தால் நோயாளியின் மேல் படும்.

நடத்துநர் மகள்

அக்கா, பேனா மூடியைச் சிவப்பாக வைத்துக்கொள்ளலாமே? எல்லோர் பையிலும் பேனா இருக்கிறது.

பொருநைக்கரையாள்

செவிலி அம்மா, பேனா மூடி நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது. கூட்டத்தில் என்ன முடிவானது என்று இங்கே எழுதுங்கள்.

அண்ணன் மகன் நேற்று அதிகாலையில் கிளம்பிவிட்டான். வாகைக்குளம் வரை நானும் போய் வழியனுப்பினேன். இந்த இழையில் எல்லோரும் எழுதியதைக் காரில் படித்துக் காட்டினேன். வாசலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்ற வரியை மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னான்; அதைத் தன்னோடு பறக்கிறவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லப் போகிறானாம்.

வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் அம்மாவின் கழுத்தில் சிவப்பு நாடா. அவனிடம் இன்னொன்று இருந்ததாம், கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அதன் நுனியில், பெட்டிக்கு அடியில் இத்தனை நாள் கிடந்த பீடித் தொழிலாளர் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஓரம் மடங்கி, புகைப்படம் மங்கிப் போன அட்டை. மாலையில் தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனபோதும் அம்மா அதைக் கழற்றவில்லை. அவரோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்து இலை வெட்டிய இரண்டு பேர், தங்கள் அட்டை எங்கே இருக்கிறது என்று இப்போது வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.